சித்திரை வெயிலும் சினை ஊசியும்

கோடையில் போட்ட சினை ஊசி நிற்பதில்லை என்று கறவை மாடு வைத்திருப்பவர்கள் சொல்வதுண்டு. சிவகங்கை, காரைக்குடிப் பக்கத்துக் கத்திரி வெயிலில், ஜெர்சி, எச்.எஃப். கலப்பின மாடுகளுக்கு இரண்டு மூன்று ஊசி வீணாவதும் உண்டு. ஊசியையும் போட்டவரையும் குறை சொல்வதற்கு முன் மாட்டின் உடம்பில் இருக்கும் செல்களைப் பார்க்க வேண்டும்.

மாட்டின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். வெளியே அனல் அடித்து, மூச்சு வாங்கியும் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் போனால் அது 40, 41 டிகிரிக்கு ஏறும். இரண்டரை டிகிரி நமக்குச் சிறிதாகத் தோன்றலாம். செல்லுக்கு அது பெரிய விஷயம். செல்லின் வேலையைப் பெரும்பாலும் செய்பவை புரதங்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வடிவத்தில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். சூட்டில் மடிப்பு அவிழும். உள்ளே மறைந்திருந்த பகுதிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது நடப்பது இதுதான். செல்லுக்குள் இது கொதிநிலைக்கு வெகு முன்பே ஆரம்பித்துவிடுகிறது.

செல் சும்மா இருப்பதில்லை. எச்.எஸ்.எஃப்.1 என்றொரு புரதம் அதில் எப்போதும் இருக்கிறது. சாதாரண நேரத்தில் எச்.எஸ்.பி.70, எச்.எஸ்.பி.90 ஆகிய காவல் புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். சூடு ஏறி மற்ற புரதங்கள் அவிழத் தொடங்கியதும் காவல் புரதங்கள் அவற்றைக் கவனிக்கப் போய்விடும். விடுபட்ட எச்.எஸ்.எஃப்.1 மூன்று மூன்றாகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் அமர்ந்து, இன்னும் நிறையக் காவல் புரதங்களைச் செய்ய உத்தரவிடும். செல் மற்ற உற்பத்தியைக் குறைத்துவிட்டு இந்த வேலையில் இறங்கும். அவிழ்ந்தவை ஒட்டாமல் தடுக்கப்படும், மீண்டும் மடிக்கப்படும்; தேறாதவை உடைக்கப்படும். ஒருமுறை மிதமான சூட்டைத் தாங்கிய செல், சில மணி நேரம் கழித்து வரும் கடுமையான சூட்டையும் தாங்குவதற்கு இந்தச் சேமிப்பே காரணம்.

இத்தாலியரான ஃபெருச்சியோ ரிட்டோசா 1962-இல் பழ ஈக்களைப் பற்றிய ஆய்வில் இதன் முதல் தடயத்தை வெளியிட்டார். ஈக்கள் இருந்த பெட்டியின் வெப்பத்தை யாரோ கூட்டிவிட, அவற்றின் குரோமோசோம்களில் புதிய இடங்கள் புடைத்திருந்தன. அந்த இடங்கள் செய்யச் சொன்ன புரதங்கள் 1974-இல் தெரிய வந்தன. ஈயில் கண்ட இந்த ஏற்பாடுதான் மாட்டிலும் மனிதரிலும் இருக்கிறது.

எல்லா மாடுகளின் செல்லும் ஒரே அளவு தாங்குவதில்லை. இந்தியத் திமில் மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவான பிராமன் இனத்தின் கருக்களையும் எச்.எஃப். எனப்படும் ஹோல்ஸ்டீன் இனத்தின் கருக்களையும் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தினர் 41 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள்; பிராமன் கருக்களே கூடுதலாகத் தப்பின. மானாமதுரை வட்டத்துப் புலிக்குளம் மாடும் திமில் இனம்தான். வெட்டவெளியில் கிடை போட்டே வளர்ந்த மாடு அது.

இனி குளிர். சினை ஊசியாகப் போடுவது உறைய வைத்த விந்து என்பதால் அதையும் பார்க்க வேண்டும். செல் குளிர்ந்தால் அதன் மேல்சவ்வின் கொழுப்பு இறுகும். உப்பை வெளியே தள்ளும் வேலை மந்தமாகும். உப்போடு நீரும் புகுந்து செல் வீங்கும். 32 டிகிரி அளவிலான மிதக் குளிருக்குப் பாலூட்டிகளின் செல்கள் சி.ஐ.ஆர்.பி., ஆர்.பி.எம்.3 என்ற வேறு புரதங்களைச் செய்துகொள்ளும். உறைநிலைக்குக் கீழே அந்த ஏற்பாடு எதுவும் உதவாது; பனிப் படிகங்கள் செல்லைக் கிழித்துவிடும்.

விந்தணுவின் நிலை இன்னும் மோசம். புதிதாகப் புரதம் செய்யும் திறனே அதற்குக் கிடையாது. அதனால் பாதுகாப்பை நாம்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம். முட்டையின் மஞ்சள் கரு சவ்வைக் குளிர் அதிர்ச்சியிலிருந்து காக்கும். கிளிசரால் பனிப் படிகத்தின் சேதத்தைக் குறைக்கும். கிளிசராலின் இந்தப் பயனை இங்கிலாந்தில் 1949-இல் கண்டறிந்தார்கள். உதகமண்டலம், ஈச்சங்கோட்டை போன்ற இடங்களில் தயாராகும் உறைவிந்துக் குச்சிகள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் பல ஆண்டுகள் கெடாமல் இருப்பது இப்படித்தான். குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து உருக்கியதும் தாமதமின்றிப் போட்டுவிட வேண்டும். உருகியது மறுபடி குளிர்ந்தாலும் வெயில் பட்டாலும் வீண்.

கருத்தரித்த பிறகும் ஓர் ஆபத்து இருக்கிறது. மாட்டின் கரு 8 முதல் 16 செல் ஆகும் வரை, அதாவது முதல் மூன்று நான்கு நாட்களுக்கு, பெரும்பாலும் தாயின் முட்டை தந்த இருப்பை வைத்தே காலம் தள்ளுகிறது. அதன் சொந்த மரபணுக்கள் முழுமையாக வேலை தொடங்குவது அதற்குப் பிறகுதான். கருத்தரித்த முதல் நாளில் தாய்க்கு வெயில் தாக்கினால் கரு வளர்ச்சி குன்றுவதும், மூன்றாம் நாள் முதல் அந்தப் பாதிப்பு குறைவதும் 1993-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது.

ஆக, கோடையில் கருவுக்காக முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை ஊசி போட்ட பிறகு வரும் முதல் சில நாட்கள். காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது வழக்கம். இரண்டுமே வெயில் குறைந்த நேரம். அதன்பின் நான்கு நாளைக்கு மாட்டை உச்சி வெயிலில் மேய விடாமல் நிழலில் கட்டுங்கள். தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று போடுங்கள். குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மேலே தண்ணீர் தெளித்தால் காற்றோட்டமும் வேண்டும். அடைத்த கொட்டகையில் ஈரம் தங்கினால் புழுக்கம்தான் கூடும். ஐந்தாம் நாள் முதல் கரு தன் சொந்தப் பலத்தில் சூட்டை ஓரளவு சமாளித்துக்கொள்ளும்.