நாய்க்கு ஊறிய எச்சில்... எலிக்குக் கிடைத்த தங்கப் பதக்கம்! தெரியுமா?

இவான் பாவ்லோவ் 1904-ல் நோபல் பரிசு வாங்கியது எதற்கு, தெரியுமா? செரிமான ஆராய்ச்சிக்கு! தன் ரஷ்ய ஆய்வுக்கூடத்தில்தான், உணவு வாயில் படுவதற்கு முன்பே நாய்களுக்கு எச்சில் ஊறுவதை அவர் கவனித்தார். விடுவாரா? தாளக் கருவியைத் தட்டவிட்டு, உடனே உணவு கொடுத்தார். திரும்பத் திரும்பக் கொடுத்தார். பிறகு உணவே தேவைப்படவில்லை. 'டிக் டிக்' சத்தம் கேட்டதுமே எச்சில் ஒழுகியது! இதுதான் ஆக்கநிலையிறுத்தம்.

அப்படிக் கற்றதை ஒரு வெள்ளம் அழித்துவிட்டது, தெரியுமா? 1924 செப்டம்பரில் பாவ்லோவின் லெனின்கிராட் ஆய்வுக்கூடத்தில் வெள்ளம் புகுந்தது. கூண்டுகளில் மூழ்கவிருந்த நாய்களைக் கடைசி நேரத்தில்தான் மீட்டார்கள். உயிர் தப்பிய சில நாய்கள் பழகியதையெல்லாம் மறந்துவிட்டன! மெல்லத் தேறிய ஒரு நாயின் அறைக்குள் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார்கள். அவ்வளவுதான், பழைய கலக்கம் திரும்பிவிட்டது!

பாவ்லோவின் நாய் சும்மா நின்றபடி கற்றது. தானே முயன்று கற்ற பூனைகளும் உண்டு! அமெரிக்காவின் எட்வர்ட் தார்ன்டைக் 1898-ல் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, மீனை வெளியே வைத்தார். பிராண்டின, கடித்தன, தற்செயலாகத் தாழ் திறந்தது! அடுத்தடுத்த முறைகளில் வெளியே வரும் நேரம் குறைந்துகொண்டே போனது. பலன் தந்த செயல் நிலைக்கும், பலன் தராதது உதிரும்!

அதே வழியில் ஏவுகணை ஓட்டப் புறாக்களைப் பழக்கினார்கள் என்றால் நம்புவீர்களா? இரண்டாம் உலகப்போரில் பி.எஃப். ஸ்கின்னர் செய்த வேலை அது! திரையில் தெரியும் இலக்கைக் கொத்தினால் தானியம். கொத்துகிற பக்கம் ஏவுகணை திரும்ப வேண்டும் என்பது திட்டம். 1944-ல் அது கைவிடப்பட்டது; புறாக்கள் போருக்குப் போகவே இல்லை.

ஒரே ஒரு குமட்டல் ஓர் உயிரைக் காப்பாற்றும், தெரியுமா? தின்ற பல மணி நேரம் கழித்துக் குமட்டினாலும் அந்தச் சுவையை எலி ஒதுக்கிவிடும் என்று கண்டறிந்தவர் ஜான் கார்சியா. ஆஸ்திரேலியாவில் அது கைகொடுத்தது! அங்கே குவோல் என்னும் சிறு விலங்குகள் நச்சுத் தேரைகளைத் தின்று அழிந்துகொண்டிருந்தன. குமட்டும் மருந்து கலந்த குட்டித் தேரையைத் தின்னக் கொடுத்து, பிறகு காட்டில் விட்டார்கள். தேரையைத் தொடாமல் கூடுதல் நாட்கள் பிழைத்தன!

பாவ்லோவ் வழி, ஸ்கின்னர் வழி இரண்டும் ஓர் எலிக்குள் சேர்ந்தால்? அதுதான் மகாவா! தான்சானியாவில் பிறந்த ராட்சதப் பை எலி. 'க்ளிக்' கேட்டால் தீனி வரும் என்பது முதல் பாடம், பாவ்லோவ் வழி. வெடிமருந்து வாசனை வரும் இடத்தைச் சுரண்டினால் 'க்ளிக்' கேட்கும் என்பது அடுத்த பாடம், ஸ்கின்னர் வழி. கம்போடியாவில் 71 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்தது! எடை 1.2 கிலோதான், ஏறி நடந்தாலும் வெடிக்காது. 2020-ல் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பான பிடிஎஸ்ஏ தங்கப் பதக்கம் அணிவித்தது. அதைப் பெற்ற முதல் எலி!

பலன் தந்த செயல் நிலைக்கும் என்ற விதி உங்கள் வீட்டு நாய்க்கும்தான். எப்போதோ செய்த தப்புக்கு இப்போது அடித்தால் அதற்குப் புரியாது; உங்களைக் கண்டு பயப்படத்தான் கற்றுக்கொள்ளும். சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே தட்டிக்கொடுங்கள், ஒரு துண்டு தீனி கொடுங்கள். தானாகக் கற்றுக்கொள்ளும்!