ஐந்து வயதில் நின்றுபோனவன்: கார்ட்டூனும் அங்கதமும்

கார்ட்டூன் என்றால் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்பது நம் பொதுப்புத்தி. சிறுபத்திரிகைக்காரர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. சினிமாவைப் பற்றி, மெகா சீரியல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அதே பெட்டியில் பிள்ளைகள் நாள் முழுக்கப் பார்ப்பது என்னவென்று எட்டிப்பார்த்தவர்கள் குறைவு.

திருப்பூரில் ஒரு லைன் வீட்டுக்கு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் 'ஷின்சான்' பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். "பாருங் மாமா, அவங்கப்பன் சாக்ஸக் கழட்டுனா வீடே நாறுது!" உங்கப்பா எப்பக் கண்ணு வருவாரு என்று கேட்டேன். "ஒன்னரை ஷிப்ட்டுங். எட்டரை ஆயிருமுங். அம்மாளும் அதே கம்பெனிதானுங்."

பனியன் கம்பெனிகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பெயர்தான் ஒன்றரை ஷிப்ட். களைத்துப்போய் இரவில் வீடு திரும்பும் ஓர் அப்பனைப் பார்த்து, தன் அப்பன் இன்னும் வீடு திரும்பாத நேரத்தில், அவன் சிரிக்கிறான். இந்தச் சிரிப்பை எப்படி வாசிப்பது?

'ஷின்சான்' பிள்ளைகளுக்காகப் பிறந்தவன் அல்ல. யோஷிதோ உசுய் 1990இல் பெரியவர்களுக்கான சித்திரக்கதை வார இதழ் ஒன்றில் வரையத் தொடங்கிய கதை அது. 1992இல் டிவி அசாஹியில் தொடராக வந்தது. ஜப்பானில் நிலவிலைக் குமிழி வெடித்துச் சரிந்துகொண்டிருந்த நேரம். டோக்கியோவுக்கு அருகே கசுகாபே என்னும் புறநகர். அப்பா ஹிரோஷி வடக்கே அகிதாவிலிருந்து வந்த அலுவலக ஊழியர். தீராத வீட்டுக்கடன், ரயில் நெரிசல், ராத்திரி ஒரு பீர். அம்மா மிசாயே தள்ளுபடி விற்பனைக்கு ஓடுகிறவள். பெரியவர்கள் மறைத்துப் பேசுவதைப் பையன் சபையில் போட்டு உடைக்கிறான். மொத்தக் கதையும் இவ்வளவுதான்.

உசுய் 2009இல் இறந்துபோனார். தொடர் நிற்கவில்லை. ஷின்சானுக்கு இன்னும் ஐந்து வயதுதான். வீட்டுக்கடனும் அடைந்தபாடில்லை. இங்கேதான் வடிவம் பற்றிய கேள்வி வருகிறது. மனித நடிகருக்கு வயதாகும், கோட்டுச் சித்திரத்துக்கு ஆகாது. அமெரிக்காவின் 'தி சிம்ப்சன்ஸ்' குடும்பத் தலைவன் 1989இலிருந்து அதே அணுமின் நிலையத்துக்குத்தான் வேலைக்குப் போய்வருகிறான். ஒவ்வொரு கதையும் தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்கிறது. வேலை, தவணை, தூக்கம், மறுபடி வேலை என்கிற நவீன வாழ்வின் செக்குச் சுற்றை வசனமே இல்லாமல் இந்த வடிவம் சொல்லிவிடுகிறது.

நம் இலக்கணம் இதை அறியாததல்ல. தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களில் எள்ளலையும் இளமையையும் தனித்தனியே வைக்கிறது. அங்கதத்தையும் இரண்டாகப் பிரிக்கிறது. நேராக வைவது ஒன்று, பழியை மறைத்துச் சொல்வது இன்னொன்று. 'ஷின்சான்' இரண்டாம் வகை. எள்ளலை இளமைக்குள் ஒளித்துவைத்திருக்கிறது. தோல்பாவைக்கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஊர்க் கதை பேசியதைப் பெரியவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். ஆட்டுத்தோல் பொம்மை பேசினால் யார் மேல் கோபிப்பது?

இந்தியாவில் ஹங்காமா தொலைக்காட்சி வழியே 2006இல் வந்த ஷின்சான் தமிழும் பேசினான். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற புகாரின்பேரில் 2008இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொடரைத் தடைசெய்தது. மறு ஆண்டு வெட்டிக் குறைத்துத் திரும்ப விட்டார்கள். என்ன கூத்து இது! பையனின் வாய்த்துடுக்கு மட்டும் கண்ணில் பட்டது. அவன் கேலிசெய்த வீடும் வேலையும் யார் கண்ணிலும் படவில்லை. இளமையைத் தண்டித்தார்கள், எள்ளலை யாரும் வாசிக்கவே இல்லை.

அதற்காகக் கார்ட்டூன் பகடியெல்லாம் அதிகாரத்துக்கு எதிரானது என்று கொண்டாடிவிடவும் முடியாது. 'சிம்ப்சன்ஸ்' தொடரிலேயே அப்பு என்றொரு கடைக்காரர் உண்டு. பெயர் சத்யஜித் ரேயின் படங்களிலிருந்து எடுத்தது. குடும்பப் பெயரோ வாயில் நுழையாதபடி இட்டுக்கட்டியது. அந்த 'இந்திய' உச்சரிப்பைப் பேசியவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளை நடிகர். அந்தக் குரலை வைத்துப் பள்ளிகளில் சீண்டப்பட்ட தலைமுறையின் அனுபவத்தை ஹரி கொண்டபோலு 2017இல் ஆவணப்படமாக்கினார். 2020இல் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார். அணுமின் நிலைய முதலாளியை எள்ளிய அதே தொடர்தான், பிழைக்க வந்தவனின் நாக்கையும் எள்ளியது.

நமக்கு இது உறைக்க வேண்டும். கொங்குத் தமிழும் சினிமாவில் சிரிப்புக்கு ஆகிவந்த தமிழ்தான். 'சதிலீலாவதி'யில் (1995) கோவை சரளா பேசியதை நாம் ரசித்தோம். அது இந்த மண்ணின் குரலே பேசியது. வெளியிலிருந்து ஒருவர் 'ஏனுங்' என்று இழுத்தால் மட்டும் சுருக்கென்கிறது. இந்த வித்தியாசம் தெரிந்த நாமே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பனியன் கம்பெனியில் நிற்பவனின் அரைகுறைத் தமிழை 'வடக்கன்' காமெடி ஆக்குகிறோம்.

அன்று சாயங்காலம் தொடர் முடிந்ததும் அந்தப் பையன் வெளியே வந்தான். லைன் வீட்டின் கடைசி அறையில் ஒடிசாக்காரர்கள் நாலு பேர். அவர்களில் ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு ஏதோ கேட்டார். பையன் அப்படியே அவர் மாதிரி திருப்பிச் சொன்னான். வாசலில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அவர்களுக்கும் ஒன்றரை ஷிப்ட்தான். பையனின் அப்பனுக்கும் அவர்களுக்கும் ஒரே மணிக்குத்தான் சங்கு ஊதுகிறது. தமிழில் டப்பிங் வேண்டிய மட்டும் ஆயிற்று. தமிழிலேயே யோசித்து, பெரியவர்களையும் உட்காரவைக்கும் ஒரு கார்ட்டூனை நம் எழுத்தாளர்கள் ஒருநாள் எழுதத்தான் போகிறார்கள். அது அந்தச் சங்கைப் பார்த்துச் சிரிக்குமா, குடத்தோடு நிற்பவரின் நாக்கைப் பார்த்துச் சிரிக்குமா என்பதை எழுத உட்காருமுன்பே நாம் பேசித் தீர்த்தாக வேண்டும்.