வெறுங்கால்களின்மேல் சுமத்திய பழி

முழுநிலவு நாள்களில் திருவண்ணாமலைக்கு வந்தவர்கள் வெறுங்காலின் வலிமையை நன்கு அறிவார்கள். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள மலைவலப் பாதையை இலட்சக்கணக்கான மக்கள் செருப்பின்றி இரவெல்லாம் சுற்றி வருகின்றனர். எங்கள் கோவில் திடலில் விளையாடும் சிறுவர்களும் அந்த ஊர்க்காரர்களே. மாலையில் செபமாலை மணி அடிக்கும்வரை அவர்கள் கால்பந்து உதைப்பார்கள். பூட்ஸ் அணிந்த கால்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவேதான், அன்பு வாசகர்களே, நான் பல்லாண்டுகளாக ஒரு கதையை இவ்வூரில் மிகுந்த உருக்கத்தோடு சொல்லி வந்தேன். 1950-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டிக்கு இந்திய அணி தகுதி பெற்றிருந்தது. வெறுங்காலுடன் ஆடக்கூடாது என்று உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு தடுத்துவிட்டது. ஏழை நாடாகிய நாம் தன்மானத்தோடு வீட்டிலேயே இருந்துவிட்டோம். இதுவே அக்கதை. மறைக்கல்வி வகுப்பில் சொன்னேன். இளைஞர் ஞாயிறன்று சொன்னேன். ஒருமுறை மறையுரையிலும் சேர்த்துக்கொண்டேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். குற்றத்தையெல்லாம் அயலான் தலையில் ஏற்றிவிட்டு நம்மைத் தூயவர்களாக நிறுத்தும் கதை யாருக்குத்தான் இனிக்காது?

அந்த மறையுரை முடிந்து, திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். எங்கள் பங்கின் முதியவர் ஒருவர் ஊன்றுகோலுடன் வாயிலில் வந்து நின்றார். மதராஸ் ரெஜிமென்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், எண்பத்தைந்தைக் கடந்தவர்.

"சாமி, ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது."

"கேளுங்கள் ஐயா."

"1950-இல் வெறுங்காலுக்குத் தடை போட்டார்கள் என்கிறீர்கள். அப்படியானால் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் பிள்ளைகள் எப்படி வெறுங்காலோடு ஆடினார்கள்?"

குருமடத்தில் தர்க்கவியலை ஓராண்டு முழுவதும் படித்தவன் நான். அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அன்றிலிருந்து கிடைத்த நூல்களையும் பழைய செய்திகளையும் தேடிப் படித்தேன். அதன் பயனே இக்கட்டுரை. ஒருவகையில் என் பாவசங்கீர்த்தனம் என்றும் கொள்ளலாம்.

விடுதலை பெற்ற இந்தியா பன்னாட்டுக் கால்பந்தில் முதன்முதலாகக் கால் வைத்தது 1948 ஜூலை 31 அன்று, இலண்டன் ஒலிம்பிக்கில், பிரான்சு நாட்டிற்கு எதிராக. அணியின் தலைவர் டாலிமரென் ஆவ் என்னும் நாகர் இன மருத்துவர்; ஒரு கிறிஸ்தவப் போதகரின் மகன். நம் வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடனோ, துணிப்பட்டை சுற்றியோதான் இறங்கினார்கள். இருமுறை பெனால்டி கிடைத்தது. மன்னா ஒன்றையும், மகாவீர் பிரசாத் மற்றொன்றையும் வீணாக்கினர். சாரங்கபாணி ராமன் 70-ஆம் நிமிடத்தில் கோல் அடித்துச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மற்றொரு கோல் அடித்து 2-1 என வென்றது. தோற்றாலும் இலண்டன் மக்கள் நம்மவரைக் கைதட்டி அனுப்பினர். வெறுங்காலைக் கண்டு அங்கே யாரும் தடுத்ததாக இல்லை.

இனி 1950. ஆசியாவுக்குரிய தகுதிப் பிரிவில் இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்சு ஆகிய நாடுகள் விலகிக்கொண்டன. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் நமக்கு இடம் கிடைத்தது. சுவீடன், இத்தாலி, பராகுவே ஆகியவை நம் பிரிவில் இருந்தன. பயணச் செலவின் பெரும்பகுதியை ஏற்பதாகவும் பிரேசில் முன்வந்தது. ஆனால் நம் கால்பந்துச் சங்கத்தார், கப்பற்பயணம் நெடியது, பயிற்சிக்குக் காலம் போதாது, செலவு மிகும் என்று காரணங்கள் கூறி மறுத்துவிட்டனர். உண்மையில் ஒலிம்பிக்கே அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றியது. உலகக் கோப்பையின் மதிப்பை அவர்கள் உணரவில்லை. அப்போதைய முன்னணி வீரரான மன்னா, பின்னாளில் ஏறக்குறைய இதையே ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு வேறு சில நாடுகளும் விலகியதால் பதின்மூன்று அணிகளே பிரேசிலில் ஆடின. நமக்காக விரித்து வைத்த இலை வெறுமையாகவே கிடந்தது.

தடையைப் பற்றிய கதை எவ்வாறு பிறந்தது என்பதும் விளங்காமல் இல்லை. 1951-இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், பிரதமர் நேரு பார்த்திருக்க, மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று தங்கம் பெற்றோம். அந்த மகிழ்ச்சியோடு 1952-இல் ஹெல்சிங்கி சென்றோம். குளிர் மிகுந்த அம்மண்ணில் யுகோசுலாவியா நம்மை 10-1 என நொறுக்கியது. அகமது கான் கடைசி நேரத்தில் அடித்த ஒரு கோல்தான் நம் மானத்தைக் காத்தது. அத்தோல்விக்குப் பின்னர் பூட்ஸ் அணிந்தே ஆடவேண்டும் என்று விதி செய்தவர்கள் வெளிநாட்டார் அல்லர், நம் சங்கத்தாரே! 1952-இன் விதியை 1950-க்கு இழுத்துச் சென்று, நாம் போகாததற்குக் காரணமாக்கிவிட்டது மக்கள் நினைவு.

பத்துக் கோல் வாங்கிய நாடு நான்கே ஆண்டுகளில் என்ன செய்தது என்பதை எண்ணும்போது இன்றும் வியப்பே மேலிடுகிறது. ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராய் இருந்த சையது அப்துல் ரகீம் என்பவர் பயிற்சியாளர். 1956 டிசம்பர் முதல் நாள், மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என இந்தியா வென்றது. மூன்று கோல்களை அடித்தவர் நெவில் டிசோசா; கோவாவின் அசகாவ் கிராமத்தில் பிறந்தவர். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. நான்காவது கோல் 'கிட்டு' என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசுவாமியுடையது. அரையிறுதியில் யுகோசுலாவியாவிடமும், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்றாலும், உலகில் நான்காம் இடம்! டிசோசாவின் பெயரை எங்கள் மறைக்கல்வி மாணவருள் ஒருவரும் கேட்டறிந்ததில்லை. ஐரோப்பியக் கழக வீரர்களின் பெயர்களையோ உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பார்கள்.

அக்காலத்து அணிகளில் எத்தனை தமிழ்ப் பெயர்கள்! பலராம், செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். கண்ணன், அருமைநாயகம், எத்திராஜ் ஆகியோர் உண்டு. 1960 உரோமை ஒலிம்பிக்கில் பிரான்சு நாட்டுடன் 1-1 எனச் சமன் செய்த அணியோடு சென்றவர் தமிழகத்தின் சைமன் சுந்தர்ராஜ். பின்னர் 1973-இல் கேரளம் முதன்முறை சந்தோஷ் கோப்பையை வென்றபோது அவ்வணியின் பயிற்சியாளர். எல்லாருக்கும் மேலாகப் பீட்டர் தங்கராஜ், கோல் கீப்பர். அவர் பெயரைச் சொன்னவுடன் எங்கள் முதியவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இரு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். "இவ்வளவு உயரம், சாமி! வெலிங்டனில் பார்த்திருக்கிறேன். அவர் நின்றால் கோல் கம்பமே சிறுத்துப்போகும்." தங்கராஜ் ஆடிய மதராஸ் ரெஜிமென்ட் அணி 1955-இலும் 1958-இலும் டூராண்டு கோப்பையை வென்றது என்பதையும் அவரே சொல்லித் தந்தார்.

1962-இல் ஜகார்த்தா. இசுரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்காததை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்ததால், அந்நகரில் நம்மவர்மீது கடுஞ்சினம் மூண்டிருந்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டத்தில் பெருங்கூட்டம் நம் நாட்டுப்பண்ணையே கூச்சலிட்டு அடக்க முயன்றது. எதிரில் இருந்தது, முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என வென்ற தென் கொரியா. தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங் தலையில் தையல்களுடன் இருந்தார். அவரைத் துணிந்து முன்வரிசைக்கு அனுப்பினார் ரகீம். காய்ச்சலினால் முந்தைய ஆட்டங்களில் ஓய்ந்திருந்த தங்கராஜ் கோலைக் காத்தார். பி. கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2-1 என்று தங்கம் நமதாயிற்று. அன்று பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் மட்டுமே நமக்காகக் கைதட்டினர் என்று நம் வீரர்கள் பின்னாளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தனர். ரகீம் அப்போதே புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். 1963 ஜூன் 11 அன்று மறைந்தார். 2024-இல் வெளிவந்த 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படம் அவர் வாழ்வைக் கூறுவதே.

அதற்குப் பின் நடந்ததை விரிக்க மனம் வரவில்லை. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 பாங்காக்கில் வெண்கலம், அவ்வளவே. உரோமைக்குப் பின் ஒலிம்பிக்கில் நம் கால்பந்து அணி ஆடவே இல்லை. 2024 தொடக்கத்தில் கத்தாரில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம். ஒரு கோலும் அடிக்கவில்லை. 2027-ஆம் ஆண்டுக்குரிய ஆசியக் கோப்பைக்குத் தகுதியும் பெறவில்லை.

ஜகார்த்தாவில் நம்மிடம் தோற்ற தென் கொரியாவைப் பாருங்கள். 1954-இல், உள்நாட்டுப் போர் ஓய்ந்து ஓராண்டுகூட நிறைவுறாத நிலையில், அவர்கள் சுவிட்சர்லாந்து உலகக் கோப்பைக்குச் சென்றார்கள். அங்கேரி 9-0 என்றும், துருக்கி 7-0 என்றும் அவர்களை வீழ்த்தின. இரண்டே ஆட்டங்களில் பதினாறு கோல்! நம் சங்கத்தார் 1950-இல் எதற்கு அஞ்சினார்களோ அது அவர்களுக்கு அப்படியே நேர்ந்தது. வெட்கத்தோடு ஊர் திரும்பினார்கள். மீண்டும் தகுதி பெற முப்பத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1986 முதல் ஒரு உலகக் கோப்பையையும் அவர்கள் தவறவிட்டதில்லை. 2002-இல் அரையிறுதிவரை முன்னேறினார்கள். நாமும் ஹெல்சிங்கியில் பத்துக் கோல் வாங்கிய பின்னரே மெல்போர்னில் எழுந்தோம் அல்லவா? பிரேசிலுக்குச் சென்று இத்தாலியிடம் பத்துக் கோல் வாங்கியிருந்தால்தான் என்ன என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், நான் முன்பு சொன்னது தவறு என்று அறிவித்துவிட்டு, உண்மையைச் சொன்னேன். சிறுவர்கள் முகம் வாடிவிட்டது. பழைய கதையே அவர்களுக்குப் பிடித்திருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"ஃபாதர், பெண்கள் அணியும் போகவில்லையா?"

அதற்கும் விடை தேட வேண்டியதாயிற்று. நம் பெண்கள் அணி 1980-இல் கோழிக்கோட்டிலும், 1983-இல் பாங்காக்கிலும் ஆசியப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றிருக்கிறது! 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணில் 2-1 என வென்று, 2026 ஆசியக் கோப்பைக்கு உரிய இடத்தையும் வென்றெடுத்தது. இந்திய அணிக்காக ஆடிய அனுபவமிக்க வீராங்கனைகளுள் ஒருவரான இந்துமதி கதிரேசன், நமக்கு அருகிலுள்ள கடலூரைச் சேர்ந்தவர். தமிழகக் காவல்துறையில் பணியாற்றுபவர்.

இதை மறுவாரம் அச்சிறுமியிடம் சொன்னபோது அவள் பெரிதாக வியப்படையவில்லை. "அப்படியானால் சனிக்கிழமை மாலை திடல் எங்களுக்கு வேண்டும், ஃபாதர்" என்றாள். சிறுவர்கள் இருவாரம் முணுமுணுத்தனர். பங்குப் பேரவையில் ஒரு தாயார், பிள்ளைகள் வெறுங்காலில் ஆடினால் முள் குத்தாதா என்று கவலைப்பட்டார். முதியவர் தம் ஓய்வூதியத்திலிருந்து ஒரு புதிய பந்து வாங்கித் தந்திருக்கிறார். சனிக்கிழமைகளில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டு, கோலில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "கையை உயர்த்து, தாயி! இன்னும் உயர்த்து!" என்று அவர் போடும் சத்தம் என் அறைவரை கேட்கிறது.