பேனா கேட்ட கைகள்

திருச்சி விமான நிலையத்துக்குள் நான் முதன்முதலில் பயணியாக நுழைந்தது 2010-இல், சிங்கப்பூர் போவதற்காக. சட்டைப் பையில் ஒரு நீலப் பேனா செருகியிருந்தேன். செக்-இன் முடிந்ததும் போர்டிங் பாஸோடு ஒரு சிறிய அட்டையும் கைக்கு வந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண், இந்திய முகவரி, எதற்காகப் போகிறீர்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நிரப்பி இமிக்ரேஷன் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும்.

“தம்பி, பேனா இருக்கா?” என்றார் பக்கத்தில் நின்றவர். நீட்டினேன். அவர் பேனாவை வாங்கவில்லை. தன்னுடைய பாஸ்போர்ட்டையும் அட்டையையும் என் கையில் வைத்தார். மணமேல்குடிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். மூன்றாவது தடவையாகப் போகிறாராம். முந்தைய இரண்டு தடவையும் யாரோ ஒருவர்தான் எழுதிக் கொடுத்தாராம். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பாஸ்போர்ட்டைத் திறந்து, அதிலிருந்த தன் கையெழுத்தை ஒரு முறை உற்றுப் பார்த்துக்கொண்டார். பிறகு அதே மாதிரி, எழுத்தெழுத்தாக நிறுத்தி எழுதினார். நான் நிமிர்ந்தபோது அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் பாஸ்போர்ட்டும் கையுமாக நின்றார்கள்.

அதன் பிறகு எந்தப் பயணத்திலும் இரண்டு பேனா இல்லாமல் நான் கிளம்பியதில்லை. 2017 ஜூலை 1 முதல் இந்தியாவின் எல்லா விமான நிலையங்களிலும் அந்தப் புறப்பாட்டு அட்டை நிறுத்தப்பட்டது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கட்டடங்களைவிட, செலவே இல்லாமல் எடுத்த அந்த ஒரு முடிவு எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய உபகாரம் என்று இன்றும் நம்புகிறேன்.

எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனார்கள். அப்பா காலத்தில் திருச்சியிலிருந்து கொழும்பு போய், அங்கே விமானம் மாறி வளைகுடாவுக்குப் போனார்கள். 1993-இல் அப்பா கிளம்பிய நாள் நினைவிருக்கிறது. ஒரு வேனில் பத்தொன்பது பேர் வழியனுப்ப வந்தோம். பெரியப்பா, அத்தைமார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், புளிச்சோற்றுத் தூக்குவாளி, நீல நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய அட்டைப்பெட்டி. பெட்டியின் நான்கு பக்கமும் மார்க்கரில் அப்பா பெயர், ஊர், தாலுகா. வேலி ஓரமாகப் போய் நின்றுகொண்டோம். தூரத்தில் விமானத்தின் படிக்கட்டில் ஆட்கள் வரிசையாக ஏறினார்கள். அதில் அப்பா யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் ஏறிய ஒவ்வொருவருக்கும் கை காட்டினோம். ஒன்றிரண்டு பேர் திரும்பிக் கையசைத்தார்கள்.

அப்போதிருந்த முனையம் மாவட்டத் தலைநகரின் பஸ் நிலையம் அளவுக்குத்தான் இருக்கும். 2009-இல் சுமார் 80 கோடி ரூபாயில் புது முனையம் வந்தது. அதைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்தோம். ஆனால் அந்தக் கட்டடம் திறப்பதற்கு முன்பே திருச்சியின் தலையெழுத்து மாறிவிட்டிருந்தது. அதற்குக் காரணம் ஒரு கொள்கை முடிவு. 2000-களின் தொடக்கத்தில் ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்கள் கட்டுப்பாடில்லாமல் வந்துபோகலாம் என்று இந்திய அரசு 18 ஊர்களைக் குறித்துக் கொடுத்தது. சுற்றுலாவை நினைத்துப் போட்ட பட்டியல் அது. கயா, கஜுராஹோ, வாரணாசி வரிசையில் திருச்சியும் இருந்தது. திருவரங்கத்துக்கும் தஞ்சாவூருக்கும் பயணிகள் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். வந்தவர்களைவிடப் போனவர்கள்தான் அதிகம். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, முத்துப்பேட்டை, காரைக்குடி, பெரம்பலூர், புதுக்கோட்டை என்று சுற்றுவட்டாரமே சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கிளம்பியது. மலேசியாவின் ஏர்ஏசியா இந்தியாவுக்குள் காலடி வைத்தபோது, 2008 டிசம்பரில், அது தேர்ந்தெடுத்த முதல் ஊர் டெல்லியோ மும்பையோ இல்லை, திருச்சி.

அதனால்தான் இந்த விமான நிலையத்தின் கணக்கு மற்ற ஊர்களுக்குத் தலைகீழாக இருக்கிறது. இந்த அளவு நகரங்களில் உள்நாட்டுப் பயணிகள் நிறைந்திருக்க, வெளிநாட்டுக்காரர்கள் கொஞ்சம்பேர் இருப்பார்கள். இங்கே வெளிநாடு போகிறவர்களும் வருகிறவர்களும்தான் பெரும்பங்கு. ‘சர்வதேச விமான நிலையம்’ என்ற அதிகாரபூர்வத் தகுதியை 2012 அக்டோபரில்தான் மத்திய அமைச்சரவை கொடுத்தது. வேலையை அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது. இதை எழுதக் காரணம் உண்டு. பத்திரிகையில் திருச்சி விமான நிலையம் என்றால் தங்கம் பிடிபட்டது, கடத்தல் தங்கம் சுமக்கும் ‘குருவி’ சிக்கினார் என்றுதான் முதலில் கண்ணில் படும். அந்த வரிசையிலேயே நின்று, இரண்டு வருட உழைப்பை ஒரு பெட்டியில் அடைத்துக்கொண்டு வரும் ஆயிரம் பேரைப் பற்றி யாரும் தலைப்பு போடுவதில்லை. அது என் நெஞ்சில் தைத்த முள்.

2009 முனையம் பத்தே வருடத்தில் போதாமல் போனது. நடுராத்திரிக்கு மேல் அடுத்தடுத்து விமானங்கள் வரும் ஊர் இது. 2019 பிப்ரவரியில் அடுத்த முனையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த வருடமே கொரோனா. 2020 மார்ச்சில் பன்னாட்டுச் சேவை நின்றது. மே மாதம் கோலாலம்பூரில் சிக்கிக்கொண்டவர்களை ஏற்றிக்கொண்டு சிறப்பு விமானம் இங்கே வந்து இறங்கியது. வேலை போனவர்கள், விசா முடிந்தவர்கள், கர்ப்பிணிகள். வழக்கமான பன்னாட்டுச் சேவை மறுபடி தொடங்க 2022 மார்ச் 27 ஆனது. கட்டுமானமும் அந்த இடைவெளியில் தள்ளாடித் தள்ளாடி நடந்தது.

2024 ஜனவரி 2-ஆம் தேதி அந்த முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். ஜூன் 11 முதல் பயணிகளுக்கு வந்தது. செலவு 1,100 கோடிக்கு மேல். வருடத்துக்கு 44 லட்சம் பேரையும், நெரிசல் நேரத்தில் ஒரே சமயம் 3,500 பேரையும் தாங்கும். செக்-இன் கவுன்ட்டர்கள் 60. வந்திறங்குகிறவர்களுக்கு இமிக்ரேஷன் கவுன்ட்டர்கள் 60, புறப்படுகிறவர்களுக்கு 44. கோபுரத்தின் நிறங்களும் கோலத்தின் சாயலும் கட்டடமெங்கும் பரவிக் கிடக்கின்றன. நான் அந்த வண்ணங்களை அதிகம் பார்க்கவில்லை. வரிசை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைத்தான் பார்த்தேன். நகர்ந்தது. முன்னால் நின்ற இளைஞன் பெல்ட்டை இடுப்பில் மாட்டி முடிப்பதற்குள் என் பையும் ஸ்கேனரை விட்டு வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் இன்னொன்றும் வந்தது. முன்பே பதிவு செய்துகொண்டவர்கள், கைரேகையும் முகமும் சரிபார்த்ததும் தானே திறக்கிற வாசலைத் தாண்டிப் போகலாம். பேனாவுக்காகக் கை நீட்டிய இடத்தில் இந்த வாசலை நினைத்துப் பார்க்கிறேன். அட்டை நின்றதற்கும் இதற்கும் எட்டு வருட இடைவெளிதான்.

வளராத ஒன்றும் இருக்கிறது. ஓடுபாதை. அதன் நீளம் 8,136 அடி. நடுத்தர விமானங்களுக்கு அது போதும். முந்நூறு, நானூறு பேரையும் முழுச் சரக்கையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் அகன்ற விமானங்களுக்குப் போதாது. 12,500 அடியாக நீட்டும் திட்டம் பல வருடமாகப் பேச்சில் இருக்கிறது. அதற்குச் சுமார் 500 ஏக்கர் நிலம் வேண்டும். அதில் ஒரு பகுதி பாதுகாப்புத் துறையின் நிலம், மீதியில் தனியார் பட்டாக்கள் உண்டு. கையகப்படுத்த வேண்டியது மாநில அரசு, கட்ட வேண்டியது இந்திய விமான நிலைய ஆணையம், நிலம் தர வேண்டியது இன்னொரு அமைச்சகம். மூன்று வாசல்களிலும் கோப்பு காத்திருந்து காத்திருந்து போக வேண்டும்.

இதை யார் முன்னின்று நடத்துவது என்று பேசவேண்டியது இங்கேதான். விமான நிலைய இயக்குநர் ஆணையத்தின் அதிகாரி. இரண்டு, மூன்று வருடத்தில் மாற்றல் வரும். நல்லவர்கள் வந்திருக்கிறார்கள், ஓடியாடி வேலை பார்த்திருக்கிறார்கள். ஆனால் நில விவகாரம் ஒருவருடைய பதவிக்காலத்தில் அடங்குகிற காரியம் இல்லை. ஒருவர் தொட்டதை அடுத்தவர் புரிந்துகொள்ளவே ஆறு மாதம் ஆகும். விமான நிலைய ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை தாங்கும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாறலாம். 2021-இல் தனியாருக்குக் குத்தகைக்கு விடுகிற நிலையங்களின் பட்டியலில் திருச்சியையும் சேர்த்தார்கள். யார் கையில் இருந்தாலும் சரி, நிலம் எத்தனை ஏக்கர் வந்தது, எத்தனை ஏக்கர் பாக்கி என்று மாதம் ஒரு முறை ஊருக்குத் தெரியச் சொல்ல ஒருவர் வேண்டும். கட்டடத்தைத் திறப்பதற்கு ஆட்கள் நிறையக் கிடைப்பார்கள்.

வளைகுடா விஷயமும் அப்படித்தான். இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்குமான விமான ஒப்பந்தத்தில் திருச்சியின் பெயர் இல்லாததால் துபாய், அபுதாபி நிறுவனங்கள் இங்கே வந்து இறங்க முடியாது. இந்திய நிறுவனங்கள் மட்டுமே ஓட்டலாம். போட்டி குறைவாக இருக்கும் தடத்தில், பெருநாளோ பொங்கலோ நெருங்கினால் கட்டணம் எங்கே போகும் என்று வெளிநாடு போன சபுராளி வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். கிழக்கே போகிறவனுக்குத் திறந்திருக்கும் வாசல் மேற்கே போகிறவனுக்கு ஏன் திறக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேரும் ஒரே தெருக்காரர்கள்.

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பயணிகள். எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் திருச்சி, புதுக்கோட்டை வானத்திலேயே சுற்றியது. நான் அன்று புதுக்கோட்டையில் இருந்தேன். மொட்டை மாடிகளில் எல்லாம் ஆட்கள். தெருவில் ஒரு சத்தம் இல்லை. சிவப்பு விளக்கு வட்டமடித்து வரும்போதெல்லாம் கீழ்வீட்டு அக்கா முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டு ஆள் யாரும் அந்த விமானத்தில் இல்லை. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் ஓடுபாதையோரம் அணிவகுத்து நின்றன. இரவு எட்டேகால் மணி வாக்கில் பத்திரமாக இறங்கியது. மாடியிலிருந்தவர்கள் கைதட்டியது எனக்கு இன்னும் கேட்கிறது. சேவை என்பதற்கு மதிப்பெண் போடச் சொன்னால் அந்த இரவுக்குப் போடுவேன். விமானிக்கும், கட்டுப்பாட்டு அறைக்கும், கீழே தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற தீயணைப்பு ஊழியருக்கும்.

இந்த வாசலில் வேறு மாதிரியும் வருவார்கள். வெளிநாட்டில் இறந்தவர்கள் சரக்காகப் பதிவாகி வருகிறார்கள். சரக்குப் பகுதிக்கு வெளியே ஒரு ஆம்புலன்ஸ், நாலைந்து ஆண்கள், யாருடைய கையிலாவது ஒரு பிளாஸ்டிக் கவரில் ஆவணங்கள். இதே பகுதி வழியாகத்தான் நம் முருங்கைக்காயும் மல்லிகையும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகின்றன. பழைய முனையத்தைச் சரக்குக்கு மாற்றும் திட்டம் இருக்கிறது. நடக்கும்போது, அந்த நாலைந்து பேர் உட்காருவதற்குத் தனியாக ஓர் அறை, ஒரு மின்விசிறி, ஒரு குடிநீர்க் குழாய் வைக்க வேண்டும். பெரிய செலவில்லை.

2025 மார்ச் 30 முதல் யாழ்ப்பாணத்துக்கும் நேரடி விமானம். சின்ன விமானம், ஒரு மணி நேரப் பயணம். திருச்சியில் இலங்கை அகதி முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது கதையில் கேட்ட ஊர். விமான நிலைய அறிவிப்புப் பலகையில் ‘யாழ்ப்பாணம்’ என்ற பெயரைப் பார்த்த இரவு, அதைப் படம் எடுத்துக்கொண்டு நின்ற ஒரு குடும்பத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

போன மாதம் தங்கை மகனைத் துபாய்க்கு ஏற்றிவிடப் போனேன். அட்டைப்பெட்டி இல்லை. சக்கரம் வைத்த பெட்டி, கையில் போன், அதிலேயே டிக்கெட். வேனில் பத்தொன்பது பேர் வரவில்லை, காரில் நாலு பேர். அவன் கண்ணாடிக் கதவுக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் மெசேஜ் அனுப்பிவிட்டான். கிளம்பலாம் என்று திரும்பினேன். தூணோரம் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, “தம்பி” என்று போனை நீட்டினார். எழுபது வயதிருக்கும். திரையில் கீறல்.

“பய உள்ள போனான். இதுல ஏதோ அனுப்பியிருக்கான். எனக்குப் போடத் தெரியல.”

வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. அமுக்கினேன். “அம்மா, உள்ள வந்து ஒக்காந்துட்டேன். பசிச்சா அந்த இட்லியைச் சாப்பிடு. இருட்டுக்குள்ள நிக்காத, மாமாகூட வண்டில போயிரு.”

அவர் போனை வாங்கவில்லை.

“இன்னொரு தடவ போடு தம்பி.”

போட்டேன்.