பெரிய வண்டிதானே என்று மிதப்பா? புறப்படுமுன் ஒரு சுற்று சுற்றி வாங்க!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெருங்களத்தூர் பக்கம் போய் நின்றால் தெரியும். பொங்கல், தீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம். பஸ்களுக்குச் சமமாகப் பெரிய பெரிய கார்களும் வரிசை கட்டி ஊர்ந்துகொண்டிருக்கும்.

முன் சீட்டில் அப்பா, அம்மா. அம்மா மடியில் கைக்குழந்தை. நடு சீட்டில் தாத்தா, பாட்டி, அத்தை. கடைசி சீட்டில் வாண்டுகள் நாலு. கூரை மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டிய மூட்டை. சொந்த ஊருக்குக் கிளம்பியாச்சு!

ஒரு காலத்தில் ஜீப் வைத்திருந்தால் எஸ்டேட் முதலாளி, இல்லாவிட்டால் போலீஸ். இன்று மாதத் தவணையில் நடுத்தரக் குடும்பத்துக்கும் எஸ்.யு.வி. வந்துவிட்டது. உயரமான சீட்டு. பள்ளம் மேடு தெரிவதில்லை. பக்கத்தில் போகும் சின்ன கார் பொம்மை மாதிரி இருக்கிறது.

"பெரிய வண்டிங்க, நமக்கு ஒண்ணும் ஆகாது" என்ற தைரியம் தானாக வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில்தான் ஆபத்து இருக்கிறது. உயரமும் எடையும் சில விபத்துகளில் ஆளைக் காப்பாற்றும். வேறு சில விபத்துகளை உண்டாக்குவதே அந்த உயரமும் எடையும்தான்!

அவை எவை? சாவியைத் திருப்புமுன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தால் தெரிந்துவிடும்.

பின்னால் யார் நிற்கிறார்கள்?

முதலில் வண்டிக்குப் பின்பக்கம் போக வேண்டும். பெரிய வண்டியின் பின் கண்ணாடி, பெரியவர்களின் மார்பு உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே 2 வயதுக் குழந்தை நின்றால் டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

அமெரிக்காவில் நியூயார்க் அருகே 2002-ல் நடந்த சம்பவம் இது. ஒரு டாக்டர், தெருவில் நின்ற தன் எஸ்.யு.வி.யை இரவில் வீட்டுக்குள் ரிவர்ஸ் எடுத்தார். கண்ணாடிகளையும் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குள் இருந்த 2 வயது மகன் அப்பாவைத் தேடி வெளியே ஓடி வந்துவிட்டான். சக்கரத்தில் சிக்கி இறந்தான். அந்த அப்பா வேறு யாருமல்ல, குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்!

அவர் சும்மா இருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் போராடினார். 2008-ல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது. 2018 மே மாதம் முதல் அமெரிக்காவில் புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்கக் கேமரா கட்டாயமானது.

நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். ஆனால் லென்ஸில் சேறு ஒட்டினால் கேமரா குருடு. ஓடி வரும் குழந்தைக்குச் சென்சார் கத்துமுன் சக்கரம் உருண்டுவிடும்.

செய்ய வேண்டியது சுலபம். வண்டியை எடுக்குமுன் வீட்டில் உள்ள குழந்தைகளை எண்ண வேண்டும். ஒன்று, அத்தனை பேரும் வண்டிக்குள் இருக்க வேண்டும். இல்லை, பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு டிரைவர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். "டாட்டா" காட்ட ஓடி வரும் குழந்தைகளால்தான் இந்தப் பயம். முன்பக்கமும் இதே கதைதான். பானெட் உயரத்தில் குட்டிப் பையன் மறைந்துவிடுவான்.

காலால் உதைத்தால் போதுமா?

அடுத்தது டயர். பலருடைய பரிசோதனை என்ன? காலால் ஒரு உதை. "கெட்டியா இருக்கு, போலாம்!"

இப்போதைய ரேடியல் டயரில் காற்று நிறையக் குறைந்தாலும் பார்த்தால் தெரியாது. பஞ்சர் கடையில் "எவ்வளவு சார்?" என்று கேட்டால் "நார்மலா போடுப்பா" என்பதும் தப்பு. எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. இரண்டு பேர் போனால் ஒரு கணக்கு. ஆள், சாமான் நிறைந்தால் வேறு கணக்கு. பின் டயருக்குக் கூடுதலாகக் கேட்கும் வண்டிகள் பல.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அதில் சூடு ஏறும். வெயில், வேகம், பாரம் மூன்றும் சேர்ந்தால் டயரின் மேல்பட்டை பிய்ந்துகொண்டு போகும். வெடிக்கவும் செய்யும்.

இது உலகம் பார்த்த பாடம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற குடும்ப வண்டியில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் வேகமாகப் போகும்போது பட்டை உரிந்தன. வண்டிகள் புரண்டன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்காவில் மட்டும் 270-க்கும் மேற்பட்டோர் பலி! டயரில் கோளாறு என்றது கார் கம்பெனி. 26 பவுண்டு காற்று போதும் என்று சொன்னது தப்பு என்றது டயர் கம்பெனி. இந்தச் சண்டைக்குப் பிறகுதான் காற்று குறைந்தால் விளக்கு எரியும் கருவி அங்கே சட்டமானது.

அந்த விளக்கு இருக்கிறதே என்று சும்மா இருக்கலாமா? கூடாது. காற்று கால் பங்கு குறைந்த பிறகே பல வண்டிகளில் அது எரியும். ஆகவே 15 நாளுக்கு ஒரு முறையும், ஊருக்குக் கிளம்புமுன்பும் காற்று பார்க்க வேண்டும். வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதுதான் சரியான கணக்கு. மதுராந்தகம் தாண்டி பங்கில் நிறுத்திப் பார்த்தால் சூட்டினால் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

டயரின் பக்கத்தில் 4 எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். பட்டை நன்றாக இருந்தாலும் வயதான டயரில் ரப்பர் வெடித்துவிடும். பட்டையின் பள்ளம் 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஸ்டெப்னிக்கும் காற்று பார்க்க மறக்கக் கூடாது. ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று வீட்டு வாசலிலேயே பார்ப்பது நல்லது.

அப்படியும் ஓடும்போது டயர் வெடித்தால்? பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை இரு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராகவே விட வேண்டும். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் வண்டி தானாக வேகம் குறையும். பிறகு இடது ஓரம் ஒதுங்கி, எல்லோரும் இறங்கி, ரோட்டை விட்டு விலகி நிற்க வேண்டும்.

கூரை மேல் அரிசி மூட்டை!

உயரமான வண்டிக்கு எடை மேலே இருக்கிறது. கூரையில் மூட்டை ஏற்றினால் இன்னும் மேலே போகிறது. திடீரென்று நாய் குறுக்கே வருகிறது. ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் சின்ன கார் சறுக்கும். பெரிய வண்டி புரண்டுவிடலாம்.

கூரையில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. பல வண்டிகளில் அது 100 கிலோவுக்குள்தான். பாரமான அரிசி மூட்டை, தண்ணீர் கேன் எல்லாம் கீழே, சீட்டை ஒட்டி இருக்க வேண்டும். துணி மூட்டை மாதிரி லேசான சாமான் மட்டும் மேலே.

நாய், ஆடு குறுக்கே வந்தால் நேராகவே பிரேக் போட வேண்டும். ஒடிப்பதற்கு மனசு பறக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும். வண்டி புரளாமல் இருக்க இப்போது எலெக்ட்ரானிக் கருவிகள் உண்டு. அவை உதவி செய்யும். ஆனால் அளவுக்கு மீறிய மூட்டையையும் வேகத்தையும் எந்தக் கருவியாலும் ஜெயிக்க முடியாது.

மடியில் குழந்தை வேண்டாம்!

இனி வண்டிக்குள். முன் சீட்டில் இருப்பவர்கள் போலீசுக்குப் பயந்து பெல்ட் போடுகிறார்கள். பின் சீட்டில் "எதுக்குங்க, வயித்தை இறுக்குது" என்று விட்டுவிடுகிறார்கள்.

2022 செப்டம்பர் 4. மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டம். சூர்யா ஆற்றுப் பாலத்தில் விலை உயர்ந்த எஸ்.யு.வி. ஒன்று மோதியது. டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் இருந்தார். அவரும் பக்கத்தில் இருந்தவரும் இறந்தார்கள். முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். லட்சக்கணக்கில் விலை கொடுத்த வண்டியும் பெல்ட் போடாதவரைக் காப்பாற்றவில்லை.

பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு செய்யாவிட்டாலும் 1,000 ரூபாய். அபராதத்தை விடுங்கள். மோதும் கணத்தில் மடியில் உள்ள 10 கிலோ குழந்தை பல நூறு கிலோ ஆகிவிடும். எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. முன் சீட்டு ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும். அது குழந்தை மேல்தான் மோதும். கைக்குழந்தைக்குப் பின் சீட்டில், குழந்தை சீட்டில்தான் இடம்.

வெளியே பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவதும் ஆபத்து. மோதலின் அடியை அது மாற்றிவிடுவதால் ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம். நடந்து போகிறவர்களுக்கும் எமன். 2017 டிசம்பரிலேயே இதைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது.

பகல் ஆபீஸ், ராத்திரி டிரைவிங்!

"ராத்திரி கிளம்பினா காலையில ஊரு" என்று பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார்கள். விடியற்காலை 2 மணி முதல் 5 மணி வரை உடம்பு தானாகத் தூங்கும் நேரம். 100 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடி கண் அசந்தால் வண்டி 28 மீட்டர் போய்விடும். கொட்டாவி வந்தால் டீ மட்டும் போதாது. வெளிச்சமான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குவதுதான் மருந்து.

புதிய வண்டிகளில் 80 கி.மீ. தாண்டினால் மணி அடிக்கும். 120-ஐத் தாண்டினால் நிற்காமல் அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்கப் பாட்டைக் கூட்டுகிறவர்களும் உண்டு! வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் நாலு மடங்கு.

மலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆள் நிறைந்த கனமான வண்டியை பிரேக்கை மிதித்தே இறக்கினால் பிரேக் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக் ஆயிலையும் புத்தகத்தில் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் கலந்த ஆயில் சூட்டில் கொதித்துவிடும்.

தண்ணீரில் வீரம் காட்டாதீர்!

சென்னைக்காரர்களுக்கு இது தெரிந்த கதை. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிச்சாங் புயல், இரண்டிலும் கார்கள் மிதந்தன. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை ஏற்றி நிறுத்திவிட்டார்கள்.

"நம்ம வண்டி உயரம், போயிடும்" என்று சுரங்கப் பாதையில் இறக்குவது தப்பு. 2 அடி ஓடும் தண்ணீர் பெரிய வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும். காற்று போகும் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி மேட்டில் விட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. ஸ்கூல், மார்க்கெட் என்று பக்கத்திலேயே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அதற்கான விளக்கு எரிந்தால் அலட்சியம் கூடாது. புத்தகத்தில் சொன்னபடி நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டினால் கரி எரிந்துவிடும். வாரக்கணக்கில் நிறுத்திய வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பானெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் எவ்வளவு நேரம்? பின்பக்கம், நாலு டயர், ஸ்டெப்னி, கூரைக் கயிறு, பானெட், பெல்ட். மொத்தம் 10 நிமிடம். பரனூர் சுங்கச்சாவடியில் காத்து நிற்கும் நேரத்தைவிடக் குறைவு!

"ஏங்க, நேரமாச்சு" என்று உள்ளே இருந்து குரல் வரும். வரட்டும். அந்தச் சுற்றை முடித்துவிட்டு, எல்லோரும் பெல்ட் போட்டாச்சா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் சாவியைத் திருப்பலாம். ஊரில் காத்திருக்கிறவர்களுக்கு வண்டி 10 நிமிடம் தாமதமாக வந்தால் கோபம் வராது.