நெஞ்சு பாரம் என்பது எந்த நோய்?

மனநோய் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் உடனே இரண்டு கட்சி உண்டாகிவிடும். "அது மூளையில் வருகிற வருத்தம், மருந்து குடித்தால் சரி" என்பது ஒரு கட்சி. "யோசனை கூடினால் வருவது, இல்லாவிட்டால் கண்ணூறு, ஜின்" என்பது மற்றக் கட்சி. நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பதால் என்னைக் கேளாமலே முதல் கட்சியில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் தலவாக்கலையில், தேயிலை மலைகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிற கோடு எங்கே ஓடுகிறது என்று இன்றுவரை தெரியவில்லை.

என் வாப்பாவின் கடைக்குச் சம்பள நாட்களில் தோட்டத்து அக்காமார் வருவார்கள். அரிசி, மா, சீனியோடு பனடோல் அட்டையும் சித்தாலேப டப்பியும் வாங்காமல் போகிறவர்கள் குறைவு. "நெஞ்சு பாரமா இருக்கு", "மண்டைக்குள்ள சூடு ஏறுது", "கைகால் ஓஞ்சு போச்சு" என்பார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதையே "கல்பு கனக்குது" என்பார்கள். "எனக்கு மனச்சோர்வு" என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தச் சொல் புத்தகத்தில் இருக்கிறது, லயத்தில் இல்லை.

அப்படியானால் இவர்களுக்கு இருப்பது உடல் நோயா, மன நோயா? உடம்பு நோவைச் சொல்லி மன நோவை மறைக்கிறார்கள் என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அது பாதி விளக்கமாகவே படுகிறது. மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின், நோரதிரனலின் என்ற இரசாயனங்களே, முண்ணாண் வழியாக வரும் நோவுச் செய்தியைக் குறைக்கும் வேலையிலும் பங்கெடுக்கின்றன. அந்த ஒழுங்கு குலையும்போது நித்திரையும் பசியும் கெடுகின்றன. முன்பு பொறுக்க முடிந்த நோவு பொறுக்க முடியாததாகிறது. ஆகவே நெஞ்சு பாரம் பொய்யில்லை. ஆனால் பத்து அறிகுறிகளில் எதை முதலில் வாய்விட்டுச் சொல்வது என்பதை ஊர் தீர்மானிக்கிறது. "மனசு சரியில்ல" என்றால் "யாருக்குத்தான் சரியா இருக்கு?" என்று பதில் வரும். நெஞ்சு நோவு என்றால் மருந்துத் துண்டு கிடைக்கும், ஒரு நாள் ஓய்வும் கிடைக்கலாம். இப்படியிருக்க, எந்தப் பெண்தான் முதலில் மனதைப் பற்றிப் பேசுவாள்?

தோட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அங்கே நாள் சம்பளத்தை எடைதான் முடிவு செய்கிறது. குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று அசைவுகள் மந்தமாவது. கை மெதுவாகிறது, கொழுந்து குறைகிறது, அரைப்பேர் விழுகிறது, கடைக் கடன் ஏறுகிறது, இரவு நித்திரை போகிறது, மறுநாள் கை இன்னும் மெதுவாகிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்தில் உயிரியல் முடிந்து வாழ்க்கை தொடங்குகிறது என்று யாராவது காட்டினால் நன்றாயிருக்கும். இதோடு குருதிச்சோகையும் சேர்ந்தால் களைப்பு இரட்டிப்பாகும். இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் குறைபாடும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும். அதனால்தான் நல்ல வைத்தியர் மனதைப் பற்றிக் கேட்பதோடு குருதியையும் சோதிக்கச் சொல்கிறார்.

வறுமை உடம்புக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு மிகவும் தூரத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45 குளிர்காலத்தில், ஜேர்மன் படைகளின் தடையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவில் உருவான பிள்ளைகள் வளர்ந்த பின் அவர்களை ஆராய்ந்தார்கள். ஸ்கிசோபிரேனியா எனப்படும் மனச்சிதைவு நோய் அவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. போர் என்பது மனிதர் செய்தது; அது பிறக்காத பிள்ளையின் மூளை வரை போயிருக்கிறது. இலங்கையில் 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேரளவில். தோட்டப்புறத்தில் 32 பேரளவில். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மனநோய் கூடுதலாக வரும் என்று இதிலிருந்து நான் சொல்லவரவில்லை. தாயின் சாப்பாட்டுத் தட்டை வைத்தியத்துக்கு வெளியே உள்ள விஷயமாக நினைக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

பரம்பரை என்ற பங்கு இல்லையா? உண்டு, பலமாகவே உண்டு. மனச்சிதைவு நோய் பொதுவாக நூறு பேரில் ஒருவருக்குக் கிட்ட வருகிறது. ஒரே சூலிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு அது இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஆனாலும் அது பாதியைத் தாண்டுவதில்லை. பரம்பரையலகுகள் ஒன்றாக இருந்தும் ஒருவர் சுகமாக இருக்கிறார் என்றால், மிச்சத்தை வேறெங்கோ தேட வேண்டும். பெண் பார்க்க வந்த இடத்தில் "அந்தக் குடும்பத்தில் ஒரு விசர் இருந்ததாம்" என்று எழுந்து போகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாராவது சொன்னால் நல்லது.

அந்த மிச்சத்தைத் தேடிய ஆய்வொன்று எங்களுக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. நான்சி வாக்ஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர், கண்டிப் பகுதியில் மனச்சிதைவு நோயால் முதல் தடவையாக வைத்தியசாலையில் சேர்ந்தவர்களை ஐந்து வருடங்களுக்குப் பிறகு தேடிப்போய்ப் பார்த்து, 1979 இல் முடிவுகளை வெளியிட்டார். பாதிப் பேரளவில் நன்றாகத் தேறி வேலைவெட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணக்கார நாடுகளில் காணப்பட்டதை விட இது நல்ல நிலை. அவர் சொன்ன காரணம் சுவாரசியமானது. குடும்பத்தார் நோயைப் பேய், சூனியம், கிரகம் என்று வெளியிலிருந்து வந்ததாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் நோயாளிமீது குற்றம் ஏறவில்லை. வந்தது போய்விடும் என்று எதிர்பார்த்து, போனதும் பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆக்ரா, நைஜீரியாவின் இபாதான் உட்பட ஒன்பது நாடுகளில் நடத்திய ஆய்விலும் இதே சாயல் தெரிந்தது. பிறகு வந்தவர்கள், எல்லா ஏழை நாட்டுக்கும் இதைப் பொதுவாக்க முடியாது என்று கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: வாக்ஸ்லர் பார்த்தவர்கள் வைத்தியசாலைக்கும் போனவர்கள்.

போகாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கு நம்மூரிலிருந்தும் நேர்ச்சை வைத்துப் போகிறவர்கள் உண்டு. அதன் அருகே தனியார் நடத்திய ஓலைக் கொட்டகையொன்றில் 2001 ஓகஸ்ட் 6 விடியற்காலை தீப்பிடித்தது. உள்ளே மனநோயாளர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். குற்றத்தைப் பேய்மீது போடும் அதே நம்பிக்கை கண்டியில் ஒருவருக்கு வீட்டைத் திருப்பிக் கொடுத்தது, இங்கே காலில் விலங்கைப் பூட்டியது. ஆகவே நம்பிக்கை நல்லதா கெட்டதா என்று விவாதிப்பதால் பயனில்லை. அது நோயாளியை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வேண்டும். குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் துஆவும் மருந்தும் ஒரே வளவில் கிடைக்கச் செய்தார்கள். ஓதிப் பார்க்க வருகிறவரை அங்கேயே வைத்தியரும் பார்க்கிறார். நம் மலையகத்தில் கோடாங்கியிடமும் லெப்பையிடமும்தான் முதலில் போகிறார்கள். அவர்கள் "கிளினிக்குக்கும் ஒருமுறை காட்டுங்க" என்று சொன்னால், நூறு சுவரொட்டி செய்யாத வேலையை அது செய்யும்.

இதையெல்லாம் மேற்கிலிருந்து வந்த புதுக்கதை என்று நினைப்பவர்களுக்காக ஒரு பெயர்: அபூ ஸைத் அல்-பல்கீ. பத்தாம் நூற்றாண்டு அறிஞர், 934 இல் காலமானவர். உடம்புக்கும் உள்ளத்துக்குமான நலம் பற்றி ஒரே நூலை இரண்டு பாகமாக எழுதினார். ஒன்று நோயுற்றால் மற்றதும் நோயுறும் என்பது அவருடைய நிலைப்பாடு. கவலையை அவர் இரண்டாகப் பிரித்தார். இழப்புப் போலக் காரணம் தெரிந்த கவலை ஒன்று. காரணமே தெரியாமல் வருவது மற்றது. அது உடம்பிலிருந்து, குருதியிலிருந்து எழுவது என்றும், அதற்கு உடம்புக்கான வைத்தியமும் வேண்டும் என்றும் எழுதினார். ஆயிரம் வருடத்துக்கு முந்திய இரசாயனம் இன்றைக்குப் பொருந்தாது. பிரித்துப் பார்த்த விதம் பொருந்துகிறது.

இன்று தோட்டத்தில் இந்த வேலை பெரும்பாலும் மருத்துவிச்சி மிஸ்மாரின் தலையில் விழுகிறது. பிள்ளை பெற்ற தாயின் மனச்சோர்வை அறிய எடின்பரோவில் 1987 இல் உருவான பத்துக் கேள்விப் பட்டியலொன்று தமிழிலும் இருக்கிறது. அதில் உடம்பு நோவு பற்றிய கேள்விகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். பிள்ளை பெற்ற எவருக்கும் உடம்பு நோகும், அதனால் கணக்குத் தப்பும் என்பது காரணம். அந்த ஊருக்கு அது சரி. நெஞ்சு பாரத்தைத் தவிர வேறு சொல் இல்லாத தாய் அந்தப் பட்டியலில் எங்கே தன்னைக் கண்டுபிடிப்பாள்? ஆங்கில உருவகத்தில் அமைந்த ஒரு கேள்வியும் உண்டு; சொல்லுக்குச் சொல் மாற்றினால், சாமான்கள் தலைக்கு மேல் ஏறுகின்றனவா என்பது போலாகிவிடும். கூடையைத் தலையில் மாட்டி நடப்பவள் அதற்கு என்ன பதில் சொல்வாள்?

என் சாச்சி இருபது வருடமாக மருத்துவிச்சி. தேவைப்படுகிறவர்களுக்குத் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுப்பார். பத்துக் கேள்வியும் முடிந்து, குடையை எடுத்துக்கொண்டு லயத்து வாசலுக்கு வந்த பிறகுதான் தன்னுடைய சொந்தக் கேள்வியைக் கேட்பாராம். "புள்ள தூங்குற நேரத்துல நீங்க தூங்குறீங்களா?" இல்லை என்று சொல்கிறவர்களின் பெயரைச் சிவப்புப் பேனையால் குறித்துக்கொண்டு, அடுத்த கிழமையே மறுபடி அந்த மலை ஏறுவார்.