உப்புக்கு முள்வேலி போட்ட துரை

நம் ஆவடியில் 1955-ல் காங்கிரஸ் மகாசபை கூடியது. அந்தக் காங்கிரஸை 1885-ல் தோற்றுவித்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் துரை, அதற்கு முன் பார்த்த வேலை தெரியுமா? உப்புக்குக் காவல்!

ஹியூம் பட்டாளத்துக்காரர் அல்ல; கலெக்டர். ஆனாலும் 1857-ல் வடக்கே கிளர்ச்சி மூண்டபோது, எடாவா ஜில்லாவில் ஆள் திரட்டிப் போரிட்டார். 1867-ல் உள்நாட்டுச் சுங்கக் கமிஷனரானார்.

சிந்து நதியிலிருந்து மகாநதி வரை சுமார் 2,300 மைல் நீளம் அந்தச் சுங்க எல்லை! காவலுக்கு ஏறக்குறைய 12,000 பேர். எல்லைக்கு அப்பால் உப்பு மலிவு. இப்பால் வரி அதிகம். வரி கட்டாத உப்பு ஒரு பிடிகூடத் தாண்டக்கூடாது என்பது சர்க்கார் கட்டளை. முதலில் காய்ந்த முள்ளைக் குவித்தார்கள். கறையான் அரித்தது, தீ தின்றது. "உயிர்வேலி வளருங்கள்" என்றார் ஹியூம். கருவேல், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி எல்லாம் நம் ஊர்க் காட்டில் நிற்கும் செடிகள்தான். ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நின்றன.

கஞ்சிக்கு உப்பில்லாத ஏழைக்கு அது வேலியா, சிறைச் சுவரா? அதை வளர்த்த கைதான் பிறகு காங்கிரஸையும் வளர்த்தது. விந்தைதான்!

ஹியூம் 1870-ல் அந்தப் பதவியை விட்டார். சுங்க எல்லையும் 1879-ல் ஒழிந்தது. உப்பு வரி மட்டும் ஒழியவில்லை. அதை எதிர்த்துத்தான் 1930-ல் காந்திஜி தண்டிக்கும், ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்தார்கள்.